கன்னி நாய்க்குட்டி: பாளையங்கோட்டை வீட்டில் வளர்க்க முடியுமா?

பெருமாள்புரத்தான்
ஏப்ரல் 6, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் 14 வருடம் அடுக்குமாடிக் குடியிருப்பில் காலம் தள்ளிவிட்டு, போன கார்த்திகையில்தான் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தோம். ஐந்து சென்ட் இடம். வீடு போக முன்னால் கொஞ்சம் மண்தரை, ஒரு வேப்பமரம், சுற்றி நாலரை அடிச் சுவர். எட்டாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கு நாய் வேண்டுமாம். அவள் கேட்பது ஹஸ்கி. கண் நீலமாக இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை.

எனக்கு ஆசை நம் பக்கத்து வேட்டை நாயான கன்னியின் மேல். கயத்தாறு பக்கம் தாத்தாவிடம் ஒன்று நின்றது. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்புள்ளி. தாத்தா வண்டி கட்டினால் வண்டிக்கு அடியில், அந்த நிழலிலேயே மைல் கணக்கில் ஓடி வரும். மாடு நின்றால் அதுவும் நிற்கும். அப்பாவிடம் இந்த ஆசையைச் சொன்னால், "அது காட்டு நாய்லே. உன் வீட்டுக்குள்ள கிடந்து என்ன செய்யும்?" என்கிறார்.

கோவில்பட்டிப் பக்கம் ஒருவரிடம் குட்டி இருக்கிறது. பிறந்து 40 நாள், விலை 15,000 என்கிறார். தாயைப் பார்க்கலாமா என்றால், "அது காட்டுல நிக்கி, குட்டியப் பாத்தாப் போதாதா" என்று பேச்சை மாற்றுகிறார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், காலை 9 முதல் மாலை 5 வரை வீட்டில் அப்பா மட்டும்தான். கத்திரி வேறு வரப்போகிறது. இந்த வெயிலில் குட்டி தாங்குமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

மானூர் கிடைக்காரன்
ஏப்ரல் 6, இரவு 10.20

அண்ணாச்சி, வெயிலைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். அது இந்தக் கரிசல் வெயில்லயே பிறந்த சாதி. கிடை போடுற இடத்தில் மதியம் 2 மணிக்கு நாங்களே உடைமர நிழல் தேடி ஒதுங்கும்போது, எங்க கடுவன் ஆட்டுக்குப் பின்னாலேயே நிக்கும். நாக்கு மட்டும் ஒரு முழம் தொங்கும்.

40 நாள் குட்டியை வாங்காதீங்க. தாய்ப்பால் மறக்கணும், கூடப் பிறந்ததோட கடிச்சு விளையாடணும். தாயைக் காட்டாதவன் குட்டியை எங்கேருந்து எடுத்தானோ.

ராமையன்பட்டி மாணவி
ஏப்ரல் 7, காலை 7.05

நான் இங்கே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். கிடைக்கார அண்ணன் சொன்னதில் பாதி சரி. 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளிலேயே இருக்கிறது. விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

ஆனால் "வெயிலைப் பத்திக் கவலை வேண்டாம்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். மீதிச் சூட்டைப் பெரும்பாலும் இரைத்துத்தான் ஆற்றும். வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறைந்துவிடும். அதனால்தான் வறண்ட வெயிலைவிட, மழை வரப்போகிற நாளின் புழுக்கத்தில் நாய்கள் அதிகமாகத் திணறும்.

கன்னிக்கு இதில் சாதகம் உண்டு. குட்டை மயிர், அடி மயிர் கிடையாது, தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு, உடம்பு ஒடிசல், மூக்கு நீளம். சூட்டை வெளியே தள்ளத் தோதான அமைப்பு. ஹஸ்கி சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த நாய். அதற்கு இரட்டை மயிர்ப் போர்வை, சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கிற அமைப்பு. வெயிலுக்காக மொட்டையடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். அது தப்பு, தோல்தான் வேகும்.

எந்த நாயானாலும் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. கன்னியையும் மதியம் ஓடவிட்டால் விழும். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

டவுண் வாசி
ஏப்ரல் 7, காலை 9.30

தங்கச்சி மகளுக்காக ஹஸ்கி வாங்கி நொந்தவன் நான். மகளிடம் இதைக் காட்டுங்கள் சார்.

அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் மூன்று கோடை இருந்தது. பிள்ளை என்றுதான் சொல்ல வருகிறது, அவ்வளவு பாசம். பகலெல்லாம் குளிர்சாதன அறை. மின்சாரம் போனால் அம்மா ஈரத்துணியோடு உட்கார்ந்து விசிறுவார். ஒரு மே மாதத்தில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, கண்ணை மேலே செருகிக்கொண்டு கிடந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினோம். அந்த வருடமே கொடைக்கானலில் இருக்கிற ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். முதல் நாள் அங்கே அது ஓடியதைத் தங்கச்சி போனில் படம் பிடித்து அனுப்பினாள். எங்கள் வீட்டில் மூன்று வருடத்தில் அது அப்படி ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை.

2024-இல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை என்று 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியல் போட்டார்கள். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், திபெத்தியன் மாஸ்டிஃப், வீட்டுக்கு வீடு இருக்கிற பக் எல்லாம் அதில் உண்டு. நம் நாட்டு இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி நான்கையும் வளர்த்தெடுக்க வேண்டும் என்கிறதும் அதே கொள்கைதான். சட்டத்துக்காக வேண்டாம், அந்தக் குளியலறைத் தரைக்காகவாவது ஹஸ்கி வேண்டாம்.

கரிசல்காடு
ஏப்ரல் 7, மதியம் 1.15

கன்னி என்று தனியாக ஒரு இனமே கிடையாது சார். சிப்பிப்பாறையில் கறுப்பாகப் பிறந்து செம்புள்ளி விழுந்தால் கன்னி, அவ்வளவுதான். ஒரே ஈத்தில் இரண்டும் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். பெயரைச் சொல்லிக் காசு பறிக்கிறார்கள்.

சாத்தூர் தம்பி
ஏப்ரல் 7, மதியம் 1.40

ஒரே ஈத்தில் இரண்டு விழுந்தால் அது கலப்பு அண்ணே, இனமே இல்லை என்று அர்த்தமில்லை. சிப்பிப்பாறை எங்கள் விருதுநகர் மாவட்டத்து ஊர், ஊர்ப் பெயரே நாய்க்கு வந்தது. கன்னி கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துச் சொத்து. நாய் இனங்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. வெளிர் நிறத்தில் பிறந்தால் பால்கன்னி. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து அனுப்பியதால் கன்னி என்று பேர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கரிசல்காடு
ஏப்ரல் 7, மதியம் 1.52

சீராகக் கொடுத்த கதையெல்லாம் விற்கிறவன் சொல்வது தம்பி.

சாத்தூர் தம்பி
ஏப்ரல் 7, மதியம் 2.10

இருக்கட்டும். கர்னாலில் உள்ள மத்திய அரசின் கால்நடை மரபு வள அமைப்பு முதன்முதலில் பதிவு செய்த நாய் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் மூன்றும்தான். 2005-இல் வந்த தபால்தலையிலும் தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையம்தான் இடம்பிடித்தது. கன்னிக்காரர்கள் இப்படி நாய் இருக்கா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டே இருந்தால், நாய் நிஜமாகவே இல்லாமல் போகும்.

சுத்தமல்லி அக்கா
ஏப்ரல் 7, இரவு 8.45

பெருமாள்புரத்துத் தம்பி, இவர்கள் சண்டை ஓயாது, நீங்கள் இங்கே வாருங்கள். ஆறு வருடமாக ஒரு கன்னிப் பெட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது. எல்லோரும் வெயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அது வெயிலால் ஒரு நாள்கூடத் தொல்லை தந்ததில்லை. அது தந்த தொல்லையெல்லாம் சுவராலும் தனிமையாலும்தான்.

சுவரை முதலில் சொல்கிறேன். நாலரை அடி என்றீர்கள். எங்கள் வீட்டில் ஐந்து அடி. எட்டாவது மாதம் ஒரு பூனை சுவர்மேல் நடந்தது. இவள் ஓடி வந்து தாவவில்லை, நின்ற இடத்திலிருந்தே கால் மடக்கி எழும்பி, முன்கால் சுவர் விளிம்பில் பட்டதும் அந்தப் பக்கம் போய்விட்டாள். பூனை எங்கே, இவள் எங்கே! கால்வாய்க் கரையோடு போனவளை இரவு 11 மணிக்குச் சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் கயிறு போட்டு வைத்திருந்தார். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டோம். இப்போது ஏழு அடி, மேலே கம்பிவலை. நாலரை அடிச் சுவர் அதற்கு வாசல்படி மாதிரி.

இது மூக்கால் தேடுகிற நாய் இல்லை, கண்ணால் துரத்துகிற நாய். அசைவது எதுவானாலும் ஓட்டம்தான். ஓடத் தொடங்கிவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. கூப்பிட்டால் வரும் என்று நம்பித் திறந்த இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. பக்கத்து வீட்டு ஆச்சியின் கோழி இரண்டுக்கு நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம். மூன்றாவதற்கு அவர் காசு வாங்கவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டார்.

அடுத்தது தனிமை. வேட்டை நாய், முரட்டு நாய் என்று நினைத்துக் கொல்லைப்புறத்தில் சங்கிலி போடுகிறார்கள். சங்கிலியில் கிடக்கிற கன்னியை வந்து பாருங்கள், ஒரே இடத்தில் வட்டம் போட்டுப் போட்டுத் தரையே குழிந்திருக்கும். இவள் வீட்டுக்குள் ஒரு சத்தம் போடமாட்டாள். வெளியாள் வந்தால் என் முட்டிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள். அதட்டினால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். உங்கள் அப்பா வீட்டில் இருப்பது பெரிய வரம், ஆனால் அவர் அதோடு பேசுவாரா? அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஓட்டம் தினமும் வேண்டும். விடியற்காலை 5 மணிக்குத் தம்பி சைக்கிளில் கூட்டிப்போவான், சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு சுற்றுச்சுவர் உள்ள பள்ளி மைதானத்தில் வாசலை அடைத்துவிட்டு அவிழ்ப்போம். 20 நிமிடம் பறந்துவிட்டு வந்தால் மீதிப் பகல் முழுக்கத் தூக்கம். ஓட்டம் இல்லாத நாளில் தலையணை கிழியும். சாப்பிட்ட உடனே ஓடவிடாதீர்கள். நெஞ்சுக்கூடு ஆழமான நாய், வயிறு முறுக்கிக்கொள்ளும்.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. கம்பங்கஞ்சி, மோர்ச்சோறு, சாளை அவித்துப் பிசைந்த சோறு, வாரத்தில் நாலு நாள் கறி, முட்டை. விலா எலும்பு தெரிகிறதே, பட்டினி போடுகிறாயா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். கடைசி இரண்டு மூன்று விலா தெரிந்தால்தான் அது சரியான உடம்பு. பதில் சொல்லிச் சலித்து, இப்போது "ஆமா, பட்டினிதான்" என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. அவளால் தாங்க முடியாதது மார்கழிக் குளிர். நம் ஊர்க் குளிர் ஒரு குளிரா என்பீர்கள். ஐப்பசி மழை தொடங்கினதிலிருந்து தை வரை இவள் சாக்கு இல்லாமல் படுக்கமாட்டாள்.

வேட்டை மன்னன்
ஏப்ரல் 7, இரவு 11.05

வீட்டில் வைத்துக் கொஞ்சுவதற்கா கன்னி? மாதம் இரண்டு இரவு காட்டுக்குக் கூட்டிப் போய் முயல் காட்டினால்தான் நாய் நாயாக இருக்கும். வேண்டுமென்றால் சொல்லுங்கள் சார், நாங்கள் ஐந்தாறு பேர் போகிறோம்.

ராமையன்பட்டி மாணவி
ஏப்ரல் 8, காலை 6.50

முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயை ஏவிப் பிடித்தாலும் வேட்டைதான், சிறை உண்டு. வல்லநாட்டுப் பக்கம் வெளிமான் சரணாலயம் வேறு இருக்கிறது. தயவுசெய்து இதை இங்கே அழைப்பாகப் போடாதீர்கள்.

அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். "நாட்டு நாய்க்கு நோயே வராது" என்று நம்பித் தடுப்பூசியை விட்டுவிடுகிறார்கள். பார்வோ என்கிற ரத்தப்பேதி நோய்க்கு நாடும் தெரியாது, இனமும் தெரியாது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல்தான் பெரிய எதிரி. பழுப்பு உண்ணி நாயின் உடம்பில் மட்டும் இருக்காது, சுவர் வெடிப்பில் ஏறி முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டிவிட்டு வெடிப்பை விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது.

இன்னொன்று, கருத்தடைக்கோ வேறு அறுவைக்கோ போகும்போது, இது ஓட்ட நாய் வகை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொழுப்பு குறைந்த இந்த ஒடிசல் நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும். தெரிந்தால் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

மானூர் கிடைக்காரன்
ஏப்ரல் 8, காலை 7.30

மன்னரே, ஃபாரஸ்ட்காரங்க பிடிச்சா நாயையும் சேர்த்துத்தான் கொண்டு போவாங்க. உங்களுக்கு ஜாமீன் கிடைக்கும், அதுக்கு யார் கையெழுத்துப் போடுறது?

பெருமாள்புரத்தான்
ஏப்ரல் 12, இரவு 10.00

எல்லோருக்கும் நன்றி. கோவில்பட்டிக்காரரை விட்டுவிட்டேன். கடைசியாகப் பேசியபோது, "ஜோடியா எடுங்க, அண்ணன் தங்கச்சிதான், அடுத்த வருஷம் குட்டி போட்டு நீங்களும் விக்கலாம்" என்றார். அப்படியே போனை வைத்துவிட்டேன்.

சுத்தமல்லி அக்கா சொன்னதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பேசுவீங்களா" என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சுவர்ப் பக்கம் நின்று, கையை உயர்த்தி அளந்துகொண்டிருந்தார்.

சாத்தூர் தம்பி
ஏப்ரல் 12, இரவு 10.25

அண்ணன் தங்கச்சி ஜோடியில்தான் இந்த நாய்களே கெட்டது அண்ணே. இருப்பதே கொஞ்சம், அதிலும் ஒரே வீட்டு ரத்தத்தை மாற்றி மாற்றிச் சேர்த்தால் என்ன ஆகும்? யாராவது ராஜபாளையம் வாங்குவதாக இருந்தால் குட்டிக்குப் பின்னால் போய்க் கை தட்டிப் பாருங்கள். சுத்த வெள்ளையில் செவிடு நிறைய வருகிறது. தனியாகத் தட்டுங்கள், கூட்டத்தில் இருந்தால் மற்ற குட்டி திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஆனியில் ஈத்து எதிர்பார்க்கிறோம். தாய் தகப்பன் இரண்டும் வீட்டில் நிற்கிறது, வந்து பார்க்கலாம். தனிச்செய்தி அனுப்புகிறேன்.

பெருமாள்புரத்தான்
செப்டம்பர் 14, இரவு 9.15

பழைய இழையைத் தோண்டி எடுக்கிறேன். செல்லி வந்துவிட்டாள். 60-ஆவது நாளில்தான் கொடுத்தார்கள். கறுப்பு, கண்மேல் இரண்டு புள்ளி. பெயர் மகள் வைத்தது. நீலக்கண்ணை அவள் மறந்து இரண்டு வாரம் ஆகிறது.

சுவர் ஆறரை அடி ஆகியிருக்கிறது. 38,000 ஆயிற்று. குட்டியை விடச் சுவர் விலை அதிகம் என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு சறுக்கல். வந்த மூன்றாவது வாரம் காதுக்குள் உண்ணி. ஒரு கடையில் கேட்டு வாங்கிய மருந்தை உடம்பெல்லாம் தேய்த்தோம், குட்டி வாயில் நுரை தள்ளிவிட்டது. பெரிய நாய்க்கான அளவாம், கடைக்காரர் எடையும் கேட்கவில்லை, வயதும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உடனே குளிப்பாட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்தாள். இனி எடை போடாமல் எந்த மருந்தும் இல்லை. சுவர் வெடிப்புகளை அப்பா சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்.

சுத்தமல்லி அக்கா
செப்டம்பர் 14, இரவு 9.40

பிழைத்தாளே, போதும். கோழி வளர்க்கிற வீடு பக்கத்தில் இருக்கிறதா?

பெருமாள்புரத்தான்
செப்டம்பர் 14, இரவு 9.52

இருக்கிறது அக்கா. ஆனால் நிலைமை தலைகீழ். பாஞ்சாலங்குறிச்சியில் முயல் வேட்டை நாயைத் திருப்பி விரட்டியது என்று கதை சொல்வார்களே, அது நிஜமாகத்தான் இருக்க வேண்டும். பின்வீட்டுச் சேவல் சுவர்மேல் வந்து நின்று கூவினால் செல்லி கட்டிலுக்கு அடியில்.

சுத்தமல்லி அக்கா
செப்டம்பர் 14, இரவு 9.55

எட்டாவது மாதம் வரட்டும், அப்போது சேவலைக் கேட்கிறேன்.

பெருமாள்புரத்தான்
டிசம்பர் 27, காலை 6.10

மார்கழி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அக்கா சொன்ன சாக்கு வாங்கிப் போட்டேன். படுக்கவில்லை. மகளின் பழைய போர்வை போட்டேன், அதையும் இழுத்து வெளியே போட்டாள். இரவெல்லாம் எங்கோ நடுங்கிக்கொண்டு கிடக்கிறாளோ என்று இன்றைக்கு நாலரை மணிக்கு எழுந்து பார்த்தேன். வாசல் திண்ணையில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோவிலில் பாட்டுப் போட்டிருந்தார்கள். அவருடைய கம்பளிக்குள்ளிருந்து ஒரு நீள மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. தாத்தாவின் வண்டி மாடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "கதவச் சாத்துலே, காத்து அடிக்கி" என்றார்.